எடுக்கக் கூடாத அலமாரி

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது பீரியட் நூலக வகுப்பு. வழக்கம்போல் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிக்கொண்டார். கடன் என்றுதான் சொல்வார். பதினோரு வருஷத்தில் ஒரு பீரியடையாவது திருப்பித் தந்திருந்தால் நான் வாயைத் திறப்பேனா?

ஆளில்லாத அறையில் நானும் மின்விசிறியும். மேஜைமேல் திறந்து கிடந்த புத்தகத்தை அது புரட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பள்ளியில் வெளிப்படையாகப் பக்கம் புரட்டும் ஒரே ஜீவன் அதுதான்.

இரவல் பதிவேட்டில் இந்த வருஷம் நாலே வரி. இரண்டு நான் எடுத்தது. ஒன்று, தலைமையாசிரியை அகராதி வாங்கியது. காற்றில் அவர் அறைக் கதவு அடித்துக்கொள்கிறதாம், முட்டுக்கொடுக்க. நாலாவது, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அவனுக்கு இந்தப் பள்ளி விவரம் தெரியாது.

என்ன விவரம்? எழுதி வைக்கிறேன், கோபம் ஆறிவிடக் கூடாதல்லவா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கணக்கு வாத்தியார் என் பதிவேட்டை வகுப்புக்கு எடுத்துப்போய்ப் பெயர் பெயராக வாசித்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ரெட்டைப் பின்னல். அவளை எழுப்பி நிறுத்தி, "கணக்குல பதினேழு, பேய்க்கதை மூணு. மகாராணி எப்படி முன்னேறுறாங்க பாருங்க" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றோடு சரி. என் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் போடுவது மாதிரி ஆகிவிட்டது.

நானும் லேசுப்பட்டவனா? கதவுக்குப் பின்னால் ஓர் அலமாரியை ஒதுக்கினேன். நல்ல நல்ல கதைப் புத்தகமாகப் பொறுக்கி நூற்று அறுபது. பூட்டு கிடையாது. மேலே அட்டை: ‘இந்த அலமாரிப் புத்தகங்களை மாணவர்கள் எடுக்கக் கூடாது.’ இடைவேளை மணி அடித்ததும் வராந்தா முழுக்கக் கேட்கும்படி "நான் டீ குடிக்கப் போறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்புவேன். கால்மணி கழித்து வந்தால் வரிசையில் அங்கங்கே பல் விழுந்திருக்கும். படித்து முடித்ததும் அதே வழியில் திரும்பி வந்துவிடும்.

எனக்கு டீ பிடிக்காது என்பது வேறு விஷயம்.

ஜூன் 11, புதன்

மூன்று போனது, இரண்டு வந்தது. வந்ததில் ஒன்றுக்குள் பக்க அடையாளமாக ஒரு சீப்பு. என் வழுக்கைக்கு யாரோ அனுப்பிய குத்தல்.

ஜூன் 16, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டார். மேலிடத்துக் கடிதம். யாரும் பயன்படுத்தாத பள்ளி நூலகங்களை மூடி, புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, அறையைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டுமாம். ஜூலை மூன்றாம் தேதி ஆய்வாளர் வருகிறார். பதிவேட்டைப் பார்ப்பார், புத்தகங்களை எண்ணுவார். பயிற்சி வகுப்பை யார் நடத்தப்போகிறார் என்று கேட்கவே வேண்டாம், கணக்கு வாத்தியார்தான். கரும்பலகை மாட்டச் சுவரை ஏற்கெனவே அளந்துவிட்டுப் போய்விட்டார். அளந்தது என் பின் அலமாரி நிற்கும் சுவரை!

"நாலு வரிதான் சார் இருக்கு. அதுல ரெண்டு உங்களோடது," என்றார் தலைமையாசிரியை. நல்ல மனுஷி. "நான் எதைக் காட்டிக் காப்பாத்துறது?"

சொல்ல வாய் துடித்தது. முழுங்கிவிட்டேன். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமானால், பின் அலமாரியில் நூற்று நாற்பது புத்தகம் இல்லை, கோடை லீவுக்குப் படிக்கப் போனது இன்னும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பொறுப்பில் இருந்தவன் தொலைத்தான் என்று என்மேல் நடவடிக்கை. அதுகூடப் போகட்டும். யார் எடுத்தது என்று விசாரணை வரும், பிள்ளைகள் பெயர் மறுபடி சபை ஏறும். சொல்லாவிட்டால்? இங்கே யாருமே படிப்பதில்லை, மூடு கதவை. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது வேறு யாரோ பற்றவைத்தார்கள். இங்கே இரண்டு முனையிலும் பற்றவைத்தது நானே.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். மாத்திரையை முழுங்காமல் முழுங்கியதாகச் சொல்கிறவர்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள், முழுக்கக் கேட்டாள்.

"ஆக, பசங்க படிக்கிறாங்கன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

ஆமாம்.

"ரொம்ப நல்லா ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

ஜூன் 19, வியாழன்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று ஒரு கேவலமான காரியம் செய்தேன்.

ஒன்பது பேனா வாங்கினேன். நீலம், கறுப்பு, தடிசு, மெல்லிசு. பதிவேட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, புதுப் பக்கம் திருப்பி, உலகத்தில் இல்லாத ஒன்பது பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துப் புத்தகம் இரவல் கொடுத்தேன். ஒன்றிரண்டு இடது கையால்கூட எழுதினேன். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஒன்பது பேனா வாங்கினீங்க, சரி. ஒன்பது கை எங்கே?"

பார்த்தேன். எல்லாவற்றிலும் என் சுழி. ஒரே ஆள் ஒன்பது தடவை மாறுவேஷம் போட்டு வந்தமாதிரி இருந்தது. மானம் போய், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்தபிறகுதான் மூலையில் அச்சடித்திருந்த எண் கண்ணில் பட்டது. பக்க எண் போட்ட பதிவேடு. அதில் தாள் கிழிப்பது தனிக் குற்றம். இருபத்தாறு வருஷ நூலகனுக்கு இது தெரியாதா? தெரியும். கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி. இனிப் பொய் கிடையாது. கையாலாகாத வேலை எதற்கு?

ஜூன் 24, செவ்வாய்

ஆசிரியர் அறையில் சண்டை. கணக்கு வாத்தியார் அளவு நாடாவோடு வந்து, மேஜைகளை என்றைக்குக் காலி செய்வீர்கள் என்று கேட்டார். செய்கிறபோது செய்வேன் என்றேன்.

"கதை படிச்சு எவன் சார் உருப்பட்டான்?"

"படிக்காம நீங்க உருப்பட்டிருக்கீங்களே, அதைப் பார்த்துத்தான் பசங்க மிரண்டு போய்ப் படிக்கிறாங்க."

விஞ்ஞான டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தலைமையாசிரியை என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. என் ராசி அப்படி.

நியாயமாக இதையும் எழுத வேண்டும்: அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. லீவு நாளில்கூட வந்து சொல்லிக்கொடுக்கிறார், தொண்டை கட்டிப் போகிறது, ஆனாலும் பாதி வகுப்பு தேறுவதில்லை. அந்த ஆத்திரம். அதற்கு என் அலமாரிதானா கிடைத்தது?

ஜூன் 27, வெள்ளி

இடைவேளையில் எழுந்து போக மனசு வரவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் தூணுக்கு ஒருத்தராகச் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வார் அறுந்துவிட்டதோ?

கடைசியில் ரெட்டைப் பின்னல் உள்ளே வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. "சார், டீ குடிக்கப் போகலையா?"

சிரிப்பு வந்தது. திங்கட்கிழமையும் போகலாம், மூன்றாம் தேதிக்கு அப்புறம் போக வேண்டியதில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லவில்லை. அலமாரி நிறைந்திருந்தால் என் தலை தப்பும். நிறைந்த அலமாரியைக் காட்டித்தான் யாரும் தொடுவதில்லை என்று பூட்டுவார்கள். அந்தத் தலை எனக்கு வேண்டாம்.

"உங்க யார் பேரும் என் வாயிலேருந்து வராது. பயப்படாதே."

பேய்க்கதை முதல் பாகம் தன்னிடம்தான் இருக்கிறது, இன்னும் நாற்பது பக்கம் பாக்கி என்றாள். இரண்டாம் பாகத்தை யாருக்கும் தரக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டுப் போனாள். மூடப்போகிற கடையில் முன்பதிவு!

ஜூலை 2, புதன்

நாளைக்கு ஆய்வு. விளக்கக் கடிதம் எழுதிவிட்டேன். அலமாரி வைத்தது, அட்டை மாட்டியது, டீ குடிக்கப் போனது, தாள் கிழித்தது, எல்லாம். ‘நடந்தவற்றுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்’ என்று முடித்திருந்தேன். மனைவி வாசித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் அடித்தாள்.

"வருந்துற மூஞ்சியா இது? பொய் எழுதறதில்லைன்னு சொன்னீங்கல்ல."

ஜூலை 3, வியாழன்

எங்கே ஆரம்பிக்க?

ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலும் இல்லை மழையும் இல்லை, கையில் குடை. தலைமையாசிரியை வந்தார், நாடாவோடு கணக்கு வாத்தியாரும். முன் அலமாரிகளில் எல்லாம் சரியாக இருந்தது. தொட்டால்தானே தொலைய? பின் அலமாரிக்கு வந்தார். நூற்று அறுபதுக்குப் பதினேழு.

"மீதி எங்கே?"

"திருடு போயிருக்கு சார். நான்தான் திருட வெச்சேன்." கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அட்டையை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி படித்தார்.

"யார் யார் எடுத்தது?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். என்னைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன்."

அப்போது இடைவேளை மணி அடித்தது. கதவருகே ரெட்டைப் பின்னல். கையில் புத்தகம் இல்லை, பேனா மட்டும். யாரையும் பார்க்காமல் மேஜைக்கு வந்து, பதிவேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினாள். பெயர். வகுப்பு. பேய்க்கதை, முதல் பாகம். எடுத்த தேதி. கையெழுத்து. அதோடு போயிருக்கலாம். போகவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக இன்னொன்றும் எழுதினாள்: ‘கணக்கு – 22’.

எழுதிவிட்டுக் கணக்கு வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வாசிக்க வேண்டாம் சார். நானே போட்டுட்டேன்."

அவருக்கு முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியில் தூசி.

அவளுக்குப் பின்னால் வரிசை. வராந்தா திரும்பி, படிக்கட்டு இறங்கி, குழாயடிவரைக்கும். ஒவ்வொருத்தரும் பெயர், புத்தகம், பக்கத்தில் கணக்கு மதிப்பெண். 31. 9. 88. 45. ஒருத்தன் எடுத்த தேதி என்ற இடத்தில் ‘திருடிய தேதி’ என்று திருத்தி எழுதியிருக்கிறான், நேர்மையான பயல். ஒருத்தி, ‘தேதி மறந்துவிட்டது, மழை பெய்தது’ என்று எழுதியிருக்கிறாள். வகுப்பு மணி அடித்தும் வரிசை கலையவில்லை. கலைக்கச் சொல்லத் தலைமையாசிரியையும் வாயைத் திறக்கவில்லை.

கணக்கு வாத்தியார் அத்தனை நேரமும் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஒருத்தன் 61 என்று எழுதியபோது.

"அறுபத்திநாலு. சரியா எழுது."

ஆய்வாளர் ஏதும் வாக்குக் கொடுக்கவில்லை. புறப்படும்போது பதிவேட்டைப் புரட்டி, எண் விட்டுப்போன இடத்தில் விரலை வைத்தார். கிழித்தது நான்தான் என்றேன். குறித்துக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

மூட்டை கட்டச் சாக்கு வந்து இறங்கியிருக்கிறது. கட்டவில்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மெத்தென்று இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

இரண்டு உறைகள். முதலாவது எனக்கு, குறிப்பாணை: பதிவேட்டுத் தாளைக் கிழித்தது, புத்தகங்களை முறையின்றி வெளியே விட்டது, கண்டிக்கப்படுகிறேன், இனி நடக்கக் கூடாது. இரண்டாவது தலைமையாசிரியைக்கு: நூலகம் தொடரலாம். பயிற்சி வகுப்புக்கு வேறு அறை பார்க்கவும்.

மனைவி குறிப்பாணையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, வருத்தம் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் பத்திரமாக வைக்கலாம் என்று தன் நகைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அட்டையை எடுத்துவிடலாம் என்று நாற்காலிமேல் ஏறினேன். இப்போதுதான் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களே. பிறகு, இருக்கட்டும் என்று இறங்கிவிட்டேன். யாருக்காவது உதவும்.

ஜூலை 22, செவ்வாய்

இடைவேளையில் கணக்கு வாத்தியார் வந்தார். நாடா இல்லை. வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன். மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதே என்றார். அதற்கும் ஆமாம். பின் அலமாரிப் பக்கம் போய் அட்டையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன்" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கால்மணி கழித்து வந்தேன். பதிவேட்டில் புது வரி இல்லை. மூன்றாவது தட்டில் ஒரு பல் விழுந்திருக்கிறது. பேய்க்கதை, இரண்டாம் பாகம்.

முதல் பாகம் இல்லாமல் ஒரு மண்ணும் புரியாது. அது இன்னும் ரெட்டைப் பின்னலிடம் இருக்கிறது, இரண்டாம் தடவை படிக்கிறாளாம். அவர் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.