கத்திரி படாத தலை

என்னங்க,

மார்கழிப் பனிக்கு நீங்கள் இருக்கும் கரியாலூர் மலையில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். அதனால் விளக்கெண்ணெய் கலந்து, புளி விற்க வந்த மலைக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சூடுகாட்டித் தேயுங்கள். ஈரத்தலையோடு படுக்காதீர்கள்.

இடஒதுக்கீட்டு மறியலில் சாலையில் மரம் வெட்டிப் போட்டவர்களைப் போலீஸ் இன்னும் தேடுகிறது. “தாடியும் முடியுமா இருப்பானே, எங்கம்மா பூட்டான்?” என்று நேற்றும் வந்து கேட்டார்கள்.

“புள்ள பொறக்கற வரைக்கும் அவன் தலையில கத்திரி படக்கூடாது” என்று உங்கள் அம்மா சொன்னதால்தானே வளர்க்கிறீர்கள்?

எண்ணெய் தீர்ந்ததும் சொல்லியனுப்புங்கள். வேண்டாம், இனி அவ்வளவு செலவாகாது.

முடியை வெட்டிவிடுங்கள். மருத்துவச்சி சொன்ன மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று விரல்விட்டு எண்ணாதீர்கள். உங்கள் அம்மாவே வெட்டச் சொல்லிவிட்டார்கள்.

நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
நான் மட்டும்