இரையாத ஃபான்

அக்கராயன்குளம்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் சிவகரனுக்கு,

அத்தான் யோகலிங்கம் எழுதுகிறேன். நீரும் சுதர்சினியும் பிள்ளைகளும் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்தால் முகம் பார்த்துக் கதைக்கலாம், இந்த மனுசன் ஏன் தாளும் பேனையுமாக இருக்கிறான் என்று யோசிப்பீர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு போன். நீர் அனுப்பும் குரல் செய்தியை உம்முடைய அக்காதான் முதலில் கேட்பாள். போன கிழமை நீர் கோபத்தில் அனுப்பியதையும் குசினியில் நின்று அவள்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டி, "தம்பிக்கு மனம் நொந்துபோச்சு. நான் அந்த வானுக்குள்ளயே படுக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றாள். அவளால் அந்த வண்டிக்குள் படுக்க முடியாது. அவள் காதில் விழாமல் உமக்குச் சொல்லவேண்டியவை இருப்பதால் இதை எழுதி, கனடாவுக்குத் திரும்புகிற வீரகத்தி அண்ணையின் மகள் ராஜினியிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உம்முடைய கோபத்துக்கு வருகிறேன். வானின் கூரையில் பூட்ட இருக்கிறதுக்குள் திறமான ஃபானைத் தேடிப்பிடித்து அனுப்பினேன், அத்தான் அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் போட்டிருக்கிறார், இதென்ன மரியாதை என்று கேட்டீர். சும்மா சொல்லக்கூடாது, ஃபான் திறம்தான். காற்றை வெளியேயும் இழுக்கும், உள்ளேயும் தள்ளும். ரிமோட் இருக்கிறது. எங்கள் ஊரில் ரிமோட்டோடு கூரை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். குறை ஃபானில் இல்லை. அது எங்கே என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டும், பொறுமையாக வாசியும்.

மகள் சாரங்காவின் சங்கதி உமக்குத் தெரியும். போன வருடம் வயிற்றில் ஒன்று தங்காமல் போனது. இந்தமுறை வைத்தியர் கட்டிலை விட்டே எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவதுதானே எங்கள் வழக்கம். அவளுக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இங்கே வர வழியில்லை, ஆகவே தாய்தான் அங்கே போகவேண்டும். பிள்ளை போன் எடுக்கும்போதெல்லாம் வேறொன்றும் கேட்பதில்லை. "அம்மா எப்ப வாறா?" என்பாள். நான் வான் வேலை முடியட்டும் பிள்ளை என்பேன். மருமகன் நல்ல பொடியன், ஆனால் அவன் வேலைக்குப் போனால் அவள் நாள் முழுக்கத் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

அக்கா ஏன் ஒரு பஸ் ஏறிப் போகவில்லை என்று நீர் போனில் கேட்டீர். அவள் வீட்டுக்குள் படுப்பதில்லை மச்சான். இது உமக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் வீடியோவில் கதைக்கும்போது அவள் எப்போதும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்துதான் கதைப்பாள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை அவள் கூட்டுவாள், மெழுகுவாள், சமைப்பாள். பொழுதுபட்டால் பாயை எடுத்துக்கொண்டு முற்றத்து மாலுக்குப் போய்விடுவாள். அதற்குச் சுவர் இல்லை, நாலு கப்புக் காலும் கூரையும்தான். கூரையிலும் தலைமாட்டில் ஒரு கீற்றை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மாரியில் அதற்கு மேல் தறப்பாள் கட்டினால், அதை அவிழ்த்துவிட்டு நனைந்துகொண்டு குந்தியிருப்பாள். சாரங்காவின் கல்யாணத்துக்குப் போனபோது மாடி வீட்டில் படுக்கமுடியாமல் கீழே இறங்கி, விடியும்வரை காவலாளியின் வாங்குப் பலகையில் இருந்தாள். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ, நான் அவளுக்குச் சளி என்று ஒரு பொய்யைச் சொல்லி அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வந்தேன்.

கடைசிச் சண்டையில், உடையார்கட்டில் செல் விழுந்து உம்முடைய அம்மா பங்கர்க் குழிக்குள்ளேயே செத்துப்போனது உமக்குத் தெரியும். அதே பங்கருக்குள் அக்காவும் மூடுப்பட்டது உமக்குத் தெரியாது. நானும் சாரங்காவும் கஞ்சி வரிசைக்குப் போயிருந்தோம். வந்தபோது பங்கர் இருந்த இடத்தில் மண் மட்டம். நானும் பக்கத்துத் தறப்பாள் கொட்டில்காரரும் கையாலும் சட்டியாலும் கிண்டினோம். மண்ணுக்குள் கிடந்த நேரம் முழுக்க அவளுக்கு முகத்துக்கு மேலே ஒரு கையளவு வானம் தெரிந்ததாம். அதால்தான் மூச்சு வந்தது. அம்மாவின் பக்கத்தில் அது இருக்கவில்லை. அக்கா இதை என்னிடம் ஒரேயொரு தரம்தான் சொன்னாள், நானும் திருப்பிக் கேட்டதில்லை.

இனி வானின் கதை. கோடைக்கு நீர் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய், படுக்கை போட்ட வானுக்குள் நின்று ஒரு வீடியோ அனுப்பினீரே, அதில்தான் எல்லாம் தொடங்கியது. கூரையில் சதுரமாக வெட்டி ஃபான் பூட்டி, மூடி திறந்திருந்தது. நீர் அதைக் காட்டி, கூரையில் ஃபான் இருந்தென்ன, சுதர்சினி போட விடுகிறாள் இல்லை, பற்றரி இறங்கிவிடுமாம், வேர்த்துச் சாகிறோம் என்று நக்கலடித்தீர். அவள் வெளியே கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கனடாவுக்குப் போயும் கஞ்சத்தனம் விடவில்லை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த ஓட்டைக்குக் கீழ படுத்தா வானம் தெரியுமோ?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். என்னுடைய டொல்பின் வானின் பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போடுவது, சாரங்காவின் மாடிக்குக் கீழே வானை விடுவது. பகல் முழுக்க அக்கா மகளோடு இருப்பாள், படுக்கிற நேரம் இறங்கி வருவாள். கண்ணாடிகளைத் திறந்துவிட முடியாது, நடு றோட்டு, நுளம்புக்கடி வேறு. அதனால்தான் காரணம் சொல்லாமல் உம்மிடம் கூரைக்கு ஃபான் கேட்டேன். கிளிநொச்சியில் வாகனத் தகரம் ஒட்டி ரிங்கர் வேலை செய்யும் முத்துலிங்கத்திடம் வானைக் கொண்டுபோய் கூரையை வெட்டு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். செல் போட்ட ஓட்டைகளை அடைத்துத் தாருங்கோ என்று வருகிறவர்களைத்தான் அவனுக்குத் தெரியும், நல்ல தகரத்தை வெட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நான்தானாம். ஊரிலும் கதை கிளம்பிவிட்டது, யோகலிங்கம் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கப்போகிறான் என்று. நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுகம்.

வெட்டி, உம்முடைய ஃபானைப் பூட்டி, ஓரமெல்லாம் ஒழுகாமல் பசை வைத்து, முத்துலிங்கத்தின் பட்டறையிலேயே போட்டுப் பார்த்தோம். அருமையாக ஓடியது. பக்கத்தில் கிரைண்டர் கத்துகிறது, வெளியே ஏ-ஒன்பது றோட்டு. அங்கே ஃபானின் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை ஏற்றி மெத்தையில் படுக்கவைத்தேன். மூடியைத் திறந்தேன். மேலே பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். இடம் தாராளமாக இருக்குது, சாரங்கா பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தலாம் என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கைதேர்ந்த வேலைக்காரன் மாதிரி ரிமோட்டை அமத்தினேன்.

ஃபான் மெல்லமாகச் சுற்றத் தொடங்கியது. ஒரே சுருதியில், ஏறாமல் இறங்காமல், மேலே நின்று இரைந்தது. அக்கா ஃபானைப் பார்க்கவில்லை. ஃபானுக்கு அப்பால், வானத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தேடினாள். பிறகு எழும்பி இறங்கிப் போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை இழுத்து எடுத்தாள், ஈரம் சொட்டச் சொட்ட. அள்ளி வீட்டுக்குள் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போய், உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். நான் ரிமோட்டும் கையுமாக நிற்கிறேன். பார்த்தால் நானும் கழுத்தை நிமிர்த்தி மேலே தேடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

உமக்கு இது விளங்காது. சண்டை நடந்த காலத்தில் ஆள் இல்லாத வேவு விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே நாளெல்லாம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். நாங்கள் வண்டு என்போம். வண்டு இரைந்தால் கொடியில் உடுப்பு இருக்கக் கூடாது, அடுப்பில் புகை வரக் கூடாது. கண்டால் பின்னாலேயே செல் வரும். உடையார்கட்டில் அன்றைக்கும் விடியவிலிருந்து அதுதான் நின்றது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்தோடு இருந்துவிட்டு வந்தவன் நான், கடைசியில் அதே சத்தத்தை அவளுடைய தலைக்கு மேலே நானே பூட்டிவைத்தேன். விசரன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் வயலுக்குப் போன நேரம் பார்த்து நான் தனியே ஏறி ஃபானைத் திரும்பவும் சோதித்தேன். மழைத்தூறல் விழுந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை, அந்தக் கண்டறியாத மூடி தானாகவே இறங்கிப் பூட்டிக்கொண்டது. மழை பட்டால் தானே மூடும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறது. அக்கா உள்ளே படுத்திருந்து அது நடந்திருந்தால் என்று நினைத்தேன். அந்த நிமிடமே கழற்றினேன். இப்போது கூரை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, மேலே ஒரு தகரத்தை வைத்துக் கல்லை ஏற்றியிருக்கிறேன்.

அக்காவுக்கு வானில் நித்திரை வருகுதில்லை என்று மட்டும் கேள்விப்பட்டு, நித்திரைக் குளிசை கொடுங்கள், ஏசி போட்ட வான் பிடியுங்கள், மனநல வைத்தியரிடம் காட்டுங்கள் என்று நீர் சொன்னதெல்லாம் அன்பில் சொன்னது, எனக்குத் தெரியும். காட்டினோம். அந்த வைத்தியப் பிள்ளை நல்ல மாதிரி, அக்கா அவவுக்கு முருங்கைக்காய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தன் கதையைக் கொடுக்கவில்லை. குளிசை போட்டால் கண் மூடுகிறது, ஆனால் நித்திரையில் மண்ணைக் கிண்டுகிறாள், விடிய நகமெல்லாம் இரத்தம். இதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை.

இப்போது அவள் கொழும்புக்கு வரமாட்டேன், நீங்கள் போங்கோ என்கிறாள். பேறு பார்க்கத் தகப்பன் போய் என்ன செய்ய? ஆனால் மனம் விட்டுப்போகவில்லை என்பதும் தெரிகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கெல்லாம் வறுத்து இடித்து, போத்தலில் அடைத்து, வானின் முன் சீற்றில் வைத்துவிட்டாள். நான் கண்டும் காணாத மாதிரி இருக்கிறேன். நேற்று சாரங்கா போனில் அழுதபோது, சத்தமில்லாத ஃபான் வந்தால் வாறன் பிள்ளை என்று ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

ஆகவே மச்சான், இன்னொரு ஃபான் பார்த்து அனுப்பும். ரிமோட் வேண்டாம். மூடியை உள்ளேயிருந்து கையால் சுற்றித் திறக்கிற மாதிரி இருக்கவேண்டும், அவளுடைய கை சொன்னால் மட்டும் அது திறக்கவும் மூடவும் வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிந்த மூடி வேண்டும். மழை பெய்தாலும் திறந்தே வைத்திருக்கலாம் என்று மேலே தனியாகத் தொப்பி போட்ட வகை ஒன்று இருக்கிறதாம், முத்துலிங்கம் போனில் காட்டினான். எங்கள் ஓட்டை நீர் அனுப்பிய ஃபானின் அளவுதான், அதே அளவில் எடுத்தால் வெட்டவேண்டியதில்லை. காற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. காற்று மரத்துக்குள் போகிற மாதிரிச் சத்தம் என்றாலும் பரவாயில்லை. மேலே நின்று இரையக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த இரைச்சல் எப்படியென்று எழுதிக் காட்ட நானும் பார்க்கிறேன், தாளில் வருகுதில்லை. நீர் சண்டை தொடங்கிப் பாதை பூட்ட முதலே வெளியே போய்விட்டீர், அதைக் கேட்டதில்லை. அதில் உம்முடைய பிழை ஒன்றுமில்லை, கேளாதது நல்லதுதான். ஆனால் உம்முடைய வீட்டில் ஒரு ஆளுக்கு அது தெரியும். சுதர்சினி சண்டை முடியும் கடைசிவரை எங்களோடு உள்ளே நின்றவள்.

நேற்று அந்த ஏரிக்கரை வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உம்முடைய சிரிப்புச் சத்தத்தை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்த்தேன். எல்லோரும் உள்ளே இருக்க அவள் வெளியே இருக்கிறாள். பின்னால் வந்து நின்ற அக்கா, "அவள் பற்றரிக்காக வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கு இப்பதான் விளங்குது" என்றாள்.

சுதர்சினியிடம் கேட்டுப்பாரும், அக்காவுக்காகக் கடைவரைக்கும் வருவாளோ என்று. மாட்டேன் என்றால் விட்டுவிடும், வேறு வழி பார்ப்போம். வந்தால், ஒவ்வொரு ஃபானையும் போட்டுக் காட்டச் சொல்லும். போடுகிற நேரம் நீர் அவளுக்குப் பக்கத்தில் நில்லும். விலையை, விளக்கத்தை எல்லாம் பிறகு பார்க்கலாம். ஒன்றும் விசாரிக்க வேண்டாம், நக்கலும் வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு நில்லும். எந்த ஃபான் ஓடும்போது அவள் மேலே பார்க்காமல் நிற்கிறாளோ, அதை வாங்கி அனுப்பும்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும், முதலில் அவளுக்கு, பிள்ளையார் பயமில்லாத நித்திரை கொடுக்கட்டும்.

உம்முடைய அன்பு மறவாத அத்தான்,
க. யோகலிங்கம்