யாருடைய காலைப் பார்த்து?

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று போன வாரம் பாட்டுகளைக் கலந்து அனுப்பிய மிக்ஸைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள், நான் கத்துவேன், நடுவில் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. இதற்காக யாரும் எந்தப் பல் டாக்டரையும் கேட்க வேண்டாம், தானாக முளைக்கும். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டில் ஒரு குழாய்க்கு நாதியில்லை. தையல் கடையில் ஏதோ ஹோட்டலுக்கு மொத்தத் திரைச்சீலையும் தைக்கிறோம். நாள் முழுக்கப் பெடலை மிதித்து வலது கால் மரத்துப்போகிறது. கால் என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இங்கே இருந்தவரை, லீவு நாளானால் இஸ்திரி மேஜையில் அந்த மிக்ஸர் பெட்டியைப் பரப்பிக்கொண்டு டிஜே ஆகிவிடுவீர்கள். எனக்கு ஒரு சக்களத்தி உண்டென்றால் அது அந்தப் பெட்டிதான் என்று உங்கள் தங்கையிடமே சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் டமால் டமால் என்று ஒரே டெக்னோ. ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்கள் பார்த்தது என் காலை. காய் நறுக்கும்போது என் கால் தாளம் போட்டால் பாட்டு ஓடும், நின்றால் அடுத்ததற்குத் தாவிவிடுவீர்கள். "ஆடுற கூட்டத்தோட காலைப் பாத்துத்தான் டிஜே பாட்டை மாத்துவான், நீதான்டி என் கூட்டம்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எனக்கோ அடுப்பு, துணி, குட்டி என்று ஆயிரம் வேலை. கால் எவ்வளவு நேரம்தான் தாளம் போடும்? அதனால் உங்கள் பாட்டு ஒன்றுகூட முழுசாக முடிந்ததில்லை. ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அடுத்தது உள்ளே வரும்.

கம்பெனி வேலையாக அங்கே போன புதிதில் அனுப்பியதும் அப்படித்தான் இருந்தது. பிறகு டமால் போய், இடுப்பை ஆட்டுகிற ஹவுஸ் இசை வந்தது. இப்போது அதுவும் போய், மழை விட்ட பிறகு கூரை சொட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. ஒரு பாட்டைக் கடைசிவரை விடுகிறீர்கள். அடியில் அதிர்கிற பேஸ் ஒலியை மட்டும் மெதுவாக இறக்கி, அடுத்ததையும் சேர்த்து வெகுநேரம் கைகோத்து நடக்கவிடுகிறீர்கள். உங்கள் தங்கை கேட்டுவிட்டு, "அண்ணி, அண்ணன் எங்கியோ போயிட்டான்" என்று பூரித்துப்போனாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் குறுக்கே விழுகிற மனுஷனுக்கு இத்தனை பொறுமையை யார் கற்றுக்கொடுத்தது?

நீங்கள் தங்கியிருக்கிற இடத்தில் மேல்மாடியில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தப் பல் டாக்டரம்மாவா? இசைத்தட்டு கொடுத்தார்களாம், உட்கார்ந்து கேட்டார்களாம், "ரொம்ப ரசனை உள்ளவங்க" என்றீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை என்னைச் சொன்னதுண்டா? அவர்களுக்கென்ன, சோபாவில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டே இருக்கலாம். அந்தக் கால் நிற்காது, உங்கள் பாட்டும் நிற்காது. கம்பெனி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறது, யோசிக்கிறேன் என்றீர்களே, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? சொல்லுங்கள், இப்போது யாருடைய காலைப் பார்த்து வாசிக்கிறீர்கள்?

நேற்று ஒரு கூத்து நடந்தது. குற்றம் கண்டுபிடிக்கவென்றே அந்த மிக்ஸைக் காதில் மாட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். பாழாய்ப்போன கால், பாட்டோடு சேர்ந்து பெடலை மிதித்துக்கொண்டே போய்விட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. பார்த்தால் தனித்தனியாகத் தொங்க வேண்டிய இரண்டு திரையை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன். "பகல் கனவாம்மா?" என்று முதலாளியம்மா கேட்டார்கள். ஆமாம், நன்றாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். என் வாயால் சொல்ல வைத்துவிட்டீர்களே, அந்த எரிச்சல் வேறு.

அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் தோன்றியது. ஒருவேளை பார்ப்பதற்கு அங்கே எந்தக் காலுமே இல்லையோ? எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லாமல்தான் பாட்டு நீண்டுகொண்டே போகிறதோ? அப்படியென்றால் அதை ஒரு வரி எழுதுங்கள். படித்துவிட்டு அழுவேன், ஆனால் நிம்மதியாகத் தூங்குவேன்.

இஸ்திரி மேஜையில் துணி போடாமல் துடைத்து வைத்திருக்கிறேன். சக்களத்தியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள், அவளோடு எனக்குப் பழகிவிட்டது. பாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டுங்கள், நான் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். வருஷத்தை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டம்