பார்க்காத சைபர்

புள்ளி மாமா,

நேற்று மருமகள் இருமல் மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். உடனே குடிக்காமல் மேசைமேல் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். “மருந்தக் குடிக்கச் சொன்னா சோதனை போடுறீங்களா அத்தை?” என்று சிரித்தாள். நீங்கள் போய் நாற்பது நாள். சுமாராகச் சொல்லவில்லை, எண்ணித்தான் சொல்கிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில், மாமல்லபுரத்து பங்களாத் தோட்டத்தில் மழை அளப்பது உங்கள் வேலை. தற்காலிகம்தான். தினமும் காலையில் கருவியில் சேர்ந்த தண்ணீரை, பெரிய கோடும் நடுவில் சின்னக் கோடுகளும் போட்ட அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதுவீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எட்டிப் பார்ப்பேன்.

“இன்னா மாமா இது, 0.30? மூணுக்கு அப்பால சைபர் இன்னாத்துக்கு?”

“முன்னாடி நிக்கிறது சும்மா எடத்தப் புடிச்சிகினு கீது. பின்னாடி கீற சைபர்தான் கணக்கு. சின்னக் கோட்டையும் பாத்தேன், அதுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

குழம்புக்கு மார்க்கு கேட்டால்கூட “ஏழு புள்ளி அஞ்சு” என்பீர்கள். அந்த அஞ்சை எந்தக் கோட்டில் பார்த்தீர்கள் என்று கேட்டால் தட்டோடு எழுந்து ஓடுவீர்கள். அப்போது வைத்த பெயர்தான் புள்ளி மாமா.

அந்த ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல். என்னை அனுப்பினீர்கள். போன கையோடு கண்ணாடியைக் கழுவும்போதே உடைத்தேன். அலமாரியில் பழையது ஒன்று இருந்தது. அதில் சின்னக் கோடெல்லாம் தேய்ந்து, பெரிய கோடுகள் மட்டும் தெரிந்தன. தண்ணீர் நாலாவது கோட்டை ஒட்டி நின்றது; துளி மேலா கீழா என்று சொல்ல முடியாது. 0.4 என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

நோட்டைப் பார்த்ததும் உங்களுக்கு நடுக்கம் கூடிவிட்டது. மறுநாள் செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வருகிறார். நோட்டு சரியாக இருந்தால்தான் வேலை நிரந்தரம்.

“ஒரு சைபர் போடு மே. எல்லா நாளும் புள்ளிக்கு அப்பால ரெண்டு நம்பர் கீது, இது மட்டும் மொட்டையா கீது.”

“அத்த நான் பாக்கல மாமா. பாக்காதத எப்டி எழுதறது?”

“வேல பூடும்.”

“பூட்டா நண்டு புடிச்சி விப்போம்.”

அதிகாரி பங்களாவுக்கு வந்து சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். நான் கதவோரம் நின்றபடி உடைந்த கண்ணாடி, தேய்ந்த கோடு எல்லாம் சொன்னேன். பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இங்க சைபர் இருந்திருந்தா நோட்டு முழுக்கவே சந்தேகப்பட்டிருப்பேம்மா” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமானது. கடலோரமாக சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து, சுருதியே இல்லாமல் பாடிக்கொண்டு வந்தீர்கள். காய்ச்சல் எங்கே போனதோ.

இன்றைக்கும் யார் எதைக் கேட்டாலும் பார்த்ததுவரைதான் சொல்கிறேன். அதனால் எனக்குப் பிடிவாதக்காரி என்ற பேரும் உண்டு.

ஒன்றை மட்டும் இத்தனை வருஷமாகக் கேட்காமலே விட்டுவிட்டேன். அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். நோட்டு உங்கள் தலைமாட்டில், பேனா உங்கள் சட்டைப்பையில். ஒரு சுழி சுழிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நீங்கள் ஏன் மாமா போடவில்லை?