திரைச்சீலை யார் எடுத்தது?

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். உங்கள் இருமல் விட்டதா?

நம் கூடத்தின் படம் கிடைத்தது. புதுத் திரைச்சீலை சுவருக்கு அவ்வளவு பொருத்தம். பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத உங்களுக்கு இந்த ரசனை எப்படி வந்தது? இந்தத் தூரத்துக் கம்பெனியில் ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? பக்கத்து மெஷின் அக்காவிடம் காட்டினேன். "இது ஆம்பள எடுத்த கலர் இல்லடி, பாத்துக்கோ" என்று சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே உங்கள் தங்கைக்குப் போன் போட்டேன். "அண்ணன் உங்க பழைய புடவையக் கடைக்கே கொண்டுபோய், இதே கலர்ல வேணும்னு நின்னாரு அண்ணி" என்றாள். கண் கலங்கிவிட்டது. அந்தப் புடவையை அனுப்புங்கள், இங்கே போர்த்திக்கொள்கிறேன்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்: திரையின் ஓரத்தை அத்தனை நேர்த்தியாக மடித்துத் தைத்தது யார்?

உங்கள்
வீட்டுக்காரி