மீட்டர் அறையில் கையொப்பப் பதிவேடு வேண்டாம்

அனுப்புநர்:
தட்டச்சு மற்றும் நகல் கடைக்காரர்,
நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசை,
மாடிப்படிக்குக் கீழே உள்ள கடை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: பழைய மீட்டர் அறையில் வியாழக்கிழமைதோறும் நடைபெறும் கவிதை வாசிப்பு – வருவோர் கையொப்பமிட வைக்கப்பட்டுள்ள பதிவேட்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பொது அறைகளைப் பயன்படுத்துவோர் குறித்த தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது வருடங்களாக ஊராருக்கு மனு எழுதித் தருவது என் பிழைப்பு. தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதி என் கடையில் அடித்தவைதான். "பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆனால் எனக்கென்று ஒரு மனு எழுதுவது இதுவே முதல் தடவை. காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வருவதால் எங்காவது நடை பிசகினால் பொறுத்தருள வேண்டும்.

2. போன வருடம் ஒரு மழை நாளில், குளிர்ப்பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் நாலாக மடித்த தாளை நீட்டி ஒரு நகல் கேட்டார். பார்த்தால் கவிதை. "எந்த வீட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் அந்த வீட்டின் மாதக் கடைசி உள்ளே உட்கார்ந்திருக்கிறது" என்று முதல் வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தமாகப் படியுங்கள் என்றால் ஆள் வியர்த்துப் போனார். மழைக்கு ஒதுங்கியிருந்த பேருந்து நடத்துநர் தாளை வாங்கி, "உள்ள போ, உள்ள போ" என்கிற அதே குரலில் படித்தார். அவர் படித்து முடித்ததும், பிறப்புச் சான்றிதழ் நகலுக்காக நின்ற அம்மா ஒருவர் "நானும் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்" என்றார். இப்படித்தான் ஐயா தொடங்கியது. என் கடையில் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டும் என்பதால் தங்கள் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய மின் மீட்டர் அறையைக் கேட்டோம். மறுக்காமல் தந்தீர்கள். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

3. அந்த அறையைத் தாங்கள் வியாழன் மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். நாற்காலிகள் இருபத்தாறு, ஆட்கள் முப்பத்துநாலு. மிச்சப் பேர் சன்னல் விளிம்பிலும் பழைய காகிதக் கட்டுகள் மேலும் உட்காருகிறார்கள். உள்ளே வருகிற யாரையும் பெயர் கேட்பதில்லை, "உட்காருங்க" என்பதோடு சரி. எழுதிக் கொண்டுவந்ததை மேசைமேல் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் எடுத்துப் படிப்பார். படித்து முடித்ததும் ஆகா ஓகோ கிடையாது. யாருக்கு எந்த வரி மனதில் நின்றதோ, அதைத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு, விருப்பம் இருந்தால் எழுதியவர் கை தூக்கலாம். தன் வரியைப் பத்துப் பேர் வாயில் கேட்ட மெக்கானிக்கின் முகத்தை நான் பார்த்தேன். வாயெல்லாம் பல். பள்ளித் தலைமையாசிரியை அம்மா எழுதியதைக் கறிக்கடைக்காரர் தடுமாறித் தடுமாறிப் படித்து, கடைசி வரியில் அவரே அழுதுவிட்டார். வியாழக்கிழமை வந்துவிட்டால் எனக்குக் கடையில் வேலை ஓடுவதில்லை என்பதை வெட்கமில்லாமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. இந்த முப்பத்துநாலு பேரில் ஒரு அம்மா, அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர். பணி முடிந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக வந்துவிடுவார். பதினோரு வாரத்தில் பதினோரு கவிதை. எல்லாம் ஒரே உருண்டைக் கையெழுத்தில் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்:

ஈரம் காயும்வரை வைக்கிற மஞ்சள் பலகையை
தினமும் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன்.
அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை
நின்று திரும்பிப் போகிறவர்களின்
காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இதை நடத்துநர் படித்து முடித்ததும் அறையில் அத்தனை பேரும் கடைசி வரியைத் திருப்பிச் சொன்னோம். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று நானே வியந்தேன். பெட்டியிலிருந்து தாள் எடுத்துப் படிக்கும் முறை தனக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா "கண்ணாடி கொண்டு வரலைங்க" என்று பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவார். பதினோரு வாரமும் கண்ணாடியை மறந்து வந்தார். ஞாபகமறதி என்று நினைத்தோம். கவிதை பேசும் முப்பத்துமூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை ஐயா.

5. நான்கு வாரங்களுக்கு முன் அறைப் பொறுப்பாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து வாசலில் விரித்தார். பெயர், முகவரி, கல்வித் தகுதி, கையொப்பம். வரிசையாக எல்லோரும் எழுதினோம். அந்த அம்மாவின் முறை வந்தது. பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளர் நல்ல மனிதர்தான், வேண்டுமென்று சொல்லவில்லை. "இவ்ளோ கவிதை எழுதறீங்க, ஒரு கையெழுத்துப் போட இவ்ளோ யோசனையா?" என்று சிரித்தார். பின்னால் நின்ற நாங்களும் சிரித்தோம். அந்த அம்மா பேனாவை மூடி வைத்து, "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன்" என்று படியிறங்கிப் போனார். பணியுடுப்பில் நேராக வந்தவருக்கு வீட்டு அடுப்பில் பால் ஏது என்பது அன்று இரவு சாப்பிட உட்காரும்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

6. மேற்படி பதிவேட்டுப் படிவத்தைத் தட்டச்சு செய்தது என் கடையில்தான். கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அது யார் முன்னால் போய் நிற்கும் என்று பார்க்கவில்லை. ஆகவே இந்தப் புகாரில் எதிர்த்தரப்பில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

7. அடுத்த வியாழனும் அதற்கடுத்ததும் அவருடைய சன்னலோர நாற்காலியை யாரும் எடுத்துக்கொள்ளாமல் காலியாகவே விட்டிருந்தோம். நானும் நடத்துநரும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அந்த உருண்டைக் கையெழுத்து அவருடைய நாத்தனாருடையது. இவர் சொல்லச் சொல்ல நாத்தனார் எழுதுவாராம். "ஒரு வார்த்தை மாத்தினாலும் ஒத்துக்க மாட்டாங்க, நாலு தடவை படிச்சுக் காட்டச் சொல்வாங்க" என்று நாத்தனார் பெருமையாகவே புகார் சொன்னார். அந்த அம்மா தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கை வராதுங்க, வாய்தான் வரும்" என்றார். இதை மனுவில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆனால் அந்த நோட்டு இருக்கிற அறைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

8. பொறுப்பாளரிடம் முறையிட்டபோது, "அவங்க ரேகை வெச்சுட்டுப் போகட்டுமே" என்றார். சட்டப்படி சரிதான். ஆனால் முப்பத்துமூன்று கையெழுத்துக்கு நடுவே ஒரே ஒரு ரேகை இருந்தால், புரட்டுகிற கண் முதலில் அங்கேதான் போகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

9. ஆகவே நேற்று மாலை என் கடையிலும் கடை வாசலிலுமாகக் கூடி ஒரு காரியம் செய்தோம். இந்த மனுவுக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, எல்லோரும் ரேகை வைப்பது என்று முடிவானது. தலைமையாசிரியை அம்மா முதல் ஆளாக விரலை நீட்டினார். மையை அப்பிக்கொண்டு அழுத்தியதில் வட்டமாக ஒரு கறைதான் விழுந்தது. கறிக்கடைக்காரருக்கும் அதே கதி. எனக்கு மூன்று தாள் வீண். சொல்லியனுப்பியதால் அந்த அம்மாவும் கடைக்கு வந்திருந்தார், ஓரமாக நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்காமல் முன்னால் வந்து தலைமையாசிரியையின் கட்டைவிரலைப் பிடித்து, "அழுத்தாதீங்கம்மா. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் உருட்டுங்க. அவ்ளோதான்" என்றார். கோடு கோடாக, அச்சில் வார்த்ததுபோல் ரேகை விழுந்தது. நாங்கள் போட்ட கூச்சல் தங்கள் அலுவலகம்வரை கேட்டிருக்கும், அதற்கும் மன்னிப்பு. முப்பத்துமூன்று விரலையும் அவரே பிடித்து உருட்டினார். தன்னுடையதை எப்போது வைத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. இணைப்பில் உள்ள ரேகைகளில் அவருடையது எது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

10. எனவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து மேற்படி பதிவேட்டை மீட்டர் அறையிலிருந்து எடுத்துவிட உத்தரவிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குத்தான் அலுவலகத்துக்கு வேண்டுமென்றால், வாரம் தவறாமல் தலையை எண்ணி நானே எழுதித் தருகிறேன். நாளை வியாழன். நேற்று ரேகை வைத்த கையோடு அந்த அம்மா பன்னிரண்டாவது கவிதையைச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். நாலு தடவை படித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் மாற்ற விடவில்லை. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை, அது பெட்டிக்குள் போக வேண்டியது. தாங்கள் ஐந்தரைக்கு வந்தால், பெட்டியிலிருந்து அந்தத் தாள் தங்கள் கைக்கே வரவும் கூடும். கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி கடை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
பதிலை எதிர்நோக்கி எதிர்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
தட்டச்சு மற்றும் நகல் கடைக்காரர்

இணைப்பு: முப்பத்துநாலு ரேகைகள், ஒரே தாளில், வரிசையின்றி.