மூன்றரைக் கண் நலம்

ஆம்பூர்,
19-11-1978.

அன்பு மகள் பொன்மலருக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ லீட்ஸ் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் சேர்த்து இருக்கிற நான்கு கண்களில் மூன்றரைக் கண் நலம். பதறாதே, முழுக்கப் படி. போன மூன்று கடிதமும் அம்மா கையெழுத்தில் வந்ததற்கு அப்பாவுக்குக் கை சுளுக்கு என்று காரணம் எழுதியிருந்தாள் அல்லவா, அது பொய். யோசித்துச் சொன்னவன் நான், எழுதியவள் அவள். பாவத்தில் பாதிப் பாதி என்கிறேன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் டேனரியில் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியோரம் நின்று, நம் முதலாளி லியாகத் அலி சாயபு புதுக் கார் ஓட்டப் பழகுகிற அழகை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரைப் போலவே கண்ணை அகல விரித்து ஸ்டியரிங்கைத் திருப்புகிற நேரம் பார்த்து, சத்தார் இடுக்கியால் தூக்கிய தோல் நழுவிக் குழியில் விழுந்தது, சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து என் இடது கண்ணுக்குள் போய்விட்டது. இருபத்தாறு வருஷம் அங்கே மேஸ்திரியாக இருப்பவனுக்குக் கையில் சுண்ணாம்பு பட்டால் என்ன பழக்கம்? பக்கத்துப் பேட்டிங் தொட்டியில் கையை விடுவது. தோல் மிருதுவாவதற்கு என்சைம் மாவு கரைத்து வைத்திருக்கிற தொட்டி, வெதுவெதுப்பாக இருக்கும், கையில் வழுவழுப்பு போய்விடும். அந்தப் புத்தியில் மூஞ்சியைக் கொண்டுபோய் அதிலேயே முக்கிவிட்டேன். என்சைமில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவளைப் பெற்றவன் செய்கிற வேலையா இது. சத்தார் பிடரியைப் பிடித்து இழுத்து, இன்னா மேஸ்திரி, மூஞ்சிய பதம் பண்ணி ஷூ தைக்கப் போறீங்களா என்று திட்டிக்கொண்டே குழாயடியில் உட்கார வைத்து, அரை மணி நேரம் கண்ணைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டான். போதும்டா என்றால், நீங்க கம்முனு இருங்க என்கிறான். அந்த அரை மணி இல்லாவிட்டால் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தே பிரயோஜனமில்லை என்று கண் டாக்டரம்மா பிறகு சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சுண்ணாம்பு தன் வேலையை முதல் நாளே முடித்துவிட்டது, இனி பயம் உங்கள் உடம்பிடம்தான் என்றார். கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற படலம் பெரும்பாலும் கொலாஜன், ஆட்டுத்தோலில் இருக்கிற அதே நார். புண்ணை ஆற்ற வருகிற கொலாஜினேஸ் என்கிற என்சைம் இரண்டாம் வாரம் மூன்றாம் வாரத்தில் அளவு மீறினால் படலத்தையே கரைத்து ஓட்டை போட்டுவிடும், அப்புறம் கண் போனதுதான் என்றார். எனக்குப் பயத்துக்கு முன்னால் பெருமை வந்துவிட்டது. கொலாஜினேஸா, அது எங்க பொன்மலரோடதாச்சே என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தவளைக்குஞ்சுக்கு வால் போவது இதனால்தான், பிரசவித்த கருப்பை சுருங்குவதும் காயம் ஆறுவதும் இதனால்தான், அளவு தப்பினால் லில்லி சித்தியின் முழங்காலையும் என் பல் ஈறையும் அரிப்பதும் இதுதான் என்று நீ எழுதியதையெல்லாம் ஒப்பித்தேன். டாக்டரம்மா எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம்தான் பயம் வந்தது. ஒரு வருஷம் பொங்கல் லீவில் பேட்டிங் தொட்டியில் நான் மறந்துவிட்டுப் போன நூறு தோல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நேரத்துக்கு எடுத்திருந்தால் பூப்போல இருந்திருக்கும், திரும்பி வந்து பார்த்தால் கஞ்சி. அந்தக் கஞ்சியை நான் கையால் அள்ளியிருக்கிறேன். தோலைப் பதமாக்கக் குரோம் உப்புப் போட்ட பிறகு என்சைம் அவ்வளவு சுலபமாகத் தொடாதே, கண்ணுக்கும் கொஞ்சம் போடுங்களேன் என்றேன். சிரித்துவிட்டு, அந்த என்சைம் வேலை செய்ய அதற்குள் துளி துத்தநாகம் வேண்டும், அதைப் பிடுங்குகிற சொட்டு மருந்து விடுவோம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். உன் அம்மா அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கொரு சொட்டு விட்டாள். பதினாறாம் நாள் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போனார். படலம் பாதி மெலிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அன்றைக்கு நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை என்று அம்மா இன்னும் சர்ச் வாசலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இருபத்திரண்டாம் நாள் படலம் கரைவது நின்றது. மருந்தால் நின்றதா, அம்மாவின் ஜெபத்தால் நின்றதா, தானாகவே களைத்து நின்றதா, தெரியாது என்று டாக்டரம்மாவே சொல்கிறார். ஓட்டை விழவில்லை. நடுவில் புகை படிந்த மாதிரி ஒரு தழும்பு, டேனரிக் கணக்கில் இரண்டாம் தரத் தோல். சத்தார் தினமும் வந்து எதிரில் நின்று, நான் யாரு சொல்லுங்க என்கிறான். முனவ்வர் பேகம் என்றேன். அது முதலாளி சம்சாரம், வேலை போயிடும் என்று ஓடிவிட்டான்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் போயும் ஒன்றும் பிடிபடவில்லை, கொலாஜினேஸை நிறுத்துகிற பொருள் சோதனையில் ஒருநாள் இருக்கிறது மறுநாள் இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் டீச்சராகிறேன் என்று எழுதியிருந்தாய். இடது கண்ணால் நான் முதலில் படித்த கடிதம் அதுதான். இதற்காகவா இந்தக் கண் பிழைத்தது என்று நினைத்தேன். வந்தால் சோறு இருக்கிறது, உன் கட்டில் இருக்கிறது, ஸ்டேஷனுக்கு நானே வருவேன். ஆனால் எனக்குக் கண் போகிறது என்று வராதே, போகவில்லை. டாக்டரம்மா உன்னிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். காயம் ஆற அந்த என்சைம் வேண்டும், கண்ணைத் தின்னவும் கூடாது, எந்த நாளில் அதை நிறுத்துவது, எந்த நாளில் விட்டுவிடுவது? அவருக்கு அது தெரியாதாம். என் பக்கத்துக் கட்டிலில் பேரணாம்பட்டு டேனரிக்காரர் ஜியாவுல்லா படுத்திருந்தார், அதே சுண்ணாம்பு, அதே சொட்டு மருந்து, அவருக்கு நிற்கவில்லை. இதை யோசித்துவிட்டு முடிவு செய், என்ன முடிவானாலும் கோபப்பட மாட்டேன்.

ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், எங்கெல்லாம் வரி கோணலாக ஏறுகிறது பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சாந்தகுமார்

பின்குறிப்பு: முதல் பாராவோடு கைக்குட்டையை அவிழ்த்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். சரி, முதல் பாரா மட்டும். ஆனால் அது முழுக்க இடது கண்.